சில்லு நிற்கும் இடம் மாறக்கூடாது: வரைகலை ஆசிரியர்களுக்கும் நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வரைகலை கற்பிக்கும் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும், டிஜிட்டல் ஓவியப் போட்டிகளில் நடுவர்களாக அமர்வோருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரை எந்த வகுப்பிலும் பிள்ளைகளிடம் "விரும்பியதைச் செய்து காட்டுங்கள்" என்று விட்டால், பலர் ஒரு புதிய ஸ்போர்ட்ஸ் காரின் படத்தை எடுத்து அதன் வெளித்தோற்றத்தை மாற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆசை விளங்காததல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் உலகில் வந்த புதிய கார்களையெல்லாம் நம் பிள்ளைகள் திரையில் மட்டுமே பார்த்தார்கள். இறக்குமதி திறந்த பிறகும், வரி கட்டி ஒரு நிசான் இசட்டைக் கல்லடிப் பாலத்தால் ஓட்டி வரப்போகிறவர் யார்? கையால் தொட முடியாத காரைத் திரையில் தொட்டுப் பார்க்கிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை.

குறை, புள்ளி போடும் இடத்தில் இருக்கிறது. அடியில் நீல நியொன், பின்னால் மேசை அளவு விங், சுற்றிலும் நெருப்பு, மேலே பெரிய எழுத்தில் பெயர். இதற்கு முதலிடம் கிடைக்கிறது. பக்கத்தில் ஒரு பிள்ளை பம்பரின் காற்று வாயை மட்டும் மாற்றி, வெளிச்சத்தையும் சரியாக விழுத்தி வைத்திருக்கும், "இதில் என்ன மாற்றினாய்?" என்று கேட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். மாற்றம் கண்ணில் படாமல் இருப்பதுதான் இந்த வேலையின் கெட்டித்தனம். மாற்றிய இடம் எதுவென்று தேட வைக்கும் படம்தான் நல்ல படம்.

வாகனத் தோற்ற வரைகலையை உள்ளும் புறமும் அறிந்தவர்களாக நாங்கள் கேட்பது ஒன்றுதான். எதை மாற்றப்போகிறாய் என்று கேட்பதற்கு முன்னால், எதை மாற்ற மாட்டாய் என்று பிள்ளையைக் குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பையும் வேலைக் கோப்பையும் பார்த்துப் புள்ளி போடுங்கள்.

அடிப்படைப் படத்திலிருந்து தொடங்குவோம். பாதித் தோல்வி அங்கேயே நடந்துவிடுகிறது. சமூக ஊடகத்திலிருந்து இறக்கிய 1080 பிக்சல் படத்தில் முகப்பு விளக்கு ஒன்றுக்கு நூறு பிக்சல்கூடத் தேறாது. அதில் எதை வரைவது? குறைந்தது 4000 பிக்சல் அகலம் வேண்டும். கார் நிறுவனங்களின் ஊடகப் பக்கங்களில் அந்த அளவில் படங்கள் கிடைக்கும். பாவனை நிபந்தனையை வாசித்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். முன் முக்கால் கோணம் (முகப்பும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும் கோணம்), கமரா முகப்பு விளக்கின் உயரத்தில், நீளமான லென்ஸில் எடுத்த படம் பழகுவதற்கு ஏற்றது. போனின் பிரதான கமரா ஏறத்தாழ 24 முதல் 28 மி.மீ. அகலக் கோண லென்ஸுக்குச் சமம். பக்கத்தில் நின்று அதால் எடுத்தால் முன் சில்லு பூதாகாரமாகி, பின்பக்கம் சுருங்கிவிடும். போனில்தான் எடுக்க வேண்டுமென்றால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சூமில் போட்டுத் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.

படத்தை இடவலமாகத் திருப்புவதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் படங்களில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது, நம் நாட்டுக்கு வலப்பக்கமாக்குவோம் என்று பிள்ளைகள் திருப்பிவிடுகிறார்கள். சின்னத்தின் எழுத்தும் நம்பர் பிளேட்டும் இடவலம் மாறியதைக் கண்டு திருத்துவார்கள். வைப்பர் படுத்திருக்கும் திசையையும் பெட்ரோல் மூடி இருக்கும் பக்கத்தையும் கவனிக்க மாட்டார்கள். வலப்பக்க ஸ்டியரிங் வேண்டுமென்றால் யப்பான், பிரித்தானியா, அவுஸ்திரேலியா சந்தைக்கு வெளியிட்ட படத்தைத் தேடுவதே வழி.

இனி மாறக்கூடாதவை. படத்தில் தெரியும் சில்லுகளின் மையம், முன்கண்ணாடி பொனட்டைத் தொடும் இடம், கதவு வெட்டுக் கோடுகள், கூரையின் உச்சி. இவற்றைத் தனி லேயரில் (படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கில்) சிவப்புப் புள்ளியால் குறிக்க வேண்டும். பிறகு கதவின் கீழ் விளிம்பையும் சில்லு மையங்களையும் நீட்டி ஒரு மறைபுள்ளி (இணையான கோடுகள் தூரத்தில் சந்திப்பதாகத் தெரியும் புள்ளி), முன் பம்பரின் குறுக்குக் கோடுகளை நீட்டி இன்னொரு மறைபுள்ளி. படத்துக்கு வெளியே வெகு தூரத்தில் அவை விழும்; கன்வஸைப் பெரிதாக்கினால் போதும். பின்னால் வரையும் ஒவ்வொரு குறுக்குக் கோடும் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பம்பர் ஒரு பக்கம் தொங்குவதாகத் தெரியும், ஏன் தொங்குகிறது என்று பிள்ளைக்கு விளங்காது.

அடுத்தது அளவு. போட்டிப் படங்களில் நாங்கள் காணாத ஒன்று இது. டொயோட்டா ஜி.ஆர்.86 காரை உதாரணமாக எடுப்போம். அதன் 18 அங்குல சில்லுக்கு டயர் 215/40 ஆர் 18. 215 என்பது மி.மீ.இல் டயரின் அகலம்; பக்கச் சுவரின் உயரம் அதில் 40 வீதம், அதாவது 86 மி.மீ. ரிம் 457.2 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவரைக் கூட்டினால் டயரின் வெளி விட்டம் சுமார் 629 மி.மீ. தரையில் அமுங்குவதால் சில மி.மீ. குறையும், பரவாயில்லை. படத்தில் முன் டயரின் உயரம் 503 பிக்சல் என்றால் அந்த இடத்தில் ஒரு மி.மீ.க்கு 0.8 பிக்சல். முக்கால் கோணத்தில் பின் டயர் தூரத்தில் இருப்பதால் 428 பிக்சல் என்று வரலாம், அங்கே 0.68. இந்த இரண்டு எண்ணையும் படத்தின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டால் மிச்ச வேலையெல்லாம் கணக்காகிவிடும்.

காரைத் தாழ்த்துவதைப் பாருங்கள். சில்லை மேலே தூக்கினால் டயர் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும், நிழலும் பிசகும். டயர் இருந்த இடத்தில் இருக்க, உடலைத்தான் இறக்க வேண்டும். 30 மி.மீ. தாழ்த்துவதென்றால் முன்னால் 24 பிக்சல், பின்னால் 20 பிக்சல். உடல் லேயரை அப்படியே கீழே நகர்த்தினால் பின்பக்கம் அளவுக்கு மீறி இறங்கிவிடும், ஆகவே டிஸ்டோர்ட் கருவியால் இரண்டு முனையையும் தனித்தனியே இறக்க வேண்டும். டயரின் மேற்பகுதியை மட்கார்ட் விளிம்பு மறைக்கும். சில்லு அறைக்குள் இருட்டுக் கூடும். காரின் அடியில் தரை நிழல் கறுக்கும். இந்த மூன்றில் ஒன்று தப்பினாலும் கார் ஒட்டு வேலையாகத் தெரியும்.

பெரிய ரிம் போடும் ஆசைக்கும் இதே கணக்குத்தான். 18இலிருந்து 19 அங்குலத்துக்குப் போனால் டயர் 215/35 ஆர் 19 ஆகலாம். வெளி விட்டம் 633 மி.மீ., ஏறக்குறைய பழையதே. ஆகவே டயர் பெருக்காது. ரிம் 366 பிக்சலிலிருந்து 386 ஆகும், கறுப்புப் பக்கச் சுவர் ஒடுங்கும், அவ்வளவே. (கண்ணுக்குத் தெரியும் ரிம் விளிம்பு இந்தப் பெயரளவை விடக் கொஞ்சம் பெரிது, விகிதம் மாறாது.) பிள்ளைகளோ ரிம்மையும் டயரையும் சேர்த்து இழுத்துப் பெரிதாக்கி, மட்கார்ட்டை முட்ட வைத்து, திரும்பவே முடியாத காரை உண்டாக்குகிறார்கள்.

முன் சில்லை நகலெடுத்துப் பின்னால் ஒட்டுவது இன்னொரு பரவலான பிழை. போர்ஷே 911, 992 தலைமுறை கரேரா எஸ் காரில் முன்னால் 245/35 ஆர் 20, பின்னால் 305/30 ஆர் 21. கணக்குப் போட்டால் முன் டயர் 679.5 மி.மீ., பின் டயர் 716.4 மி.மீ. பின் டயர் 37 மி.மீ. கூடுதல் உயரம். பின்பக்கம் குந்தி உட்கார்ந்தது போன்ற அந்தக் காரின் தோரணையில் இதற்கும் பங்குண்டு. ஒரே சில்லை இரண்டு இடத்திலும் ஒட்டினால் அந்தத் தோரணை செத்துவிடும்.

கோணத்தில் பார்க்கும்போது சில்லு நீள்வட்டம். அந்த நீள்வட்டத்தின் சிற்றச்சு (குறுகிய விட்டம்), சில்லைத் தாங்கும் அச்சுத்தண்டின் திசையிலேயே இருக்க வேண்டும். பிள்ளைகள் பேரச்சை (நீண்ட விட்டத்தை) எப்போதும் நிமிர்ந்து நிற்க வைக்கிறார்கள். அதனால் சில்லு கழன்று சாய்ந்த மாதிரி இருக்கும். விளம்பரப் படங்களில் முன் சில்லை வேண்டுமென்றே திருப்பி வைத்துத்தான் படம் எடுப்பார்கள், அப்போது முன்னுக்கும் பின்னுக்கும் சிற்றச்சு வேறு வேறு திசை. சாதாரண தரக் கணிதம் படிக்கும் பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இனித் தோற்றத்தைப் பற்றி. ஏன் மாற்றுகிறாய் என்ற கேள்விக்கு "நல்லா இருக்கும்" என்பது பதிலாகாது. நிசான் இசட் இதற்கு நல்ல பாடம். 2021 ஆகஸ்டில் காட்டிய புதிய இசட்டின் முகப்பில் பெரிய செவ்வகக் கிரில். அது 1969இல் வந்த 240 இசட்டை நினைவூட்டுவதற்காக வைத்தது. ஆனால் பழைய காரில் அந்த வாய்க்குக் குறுக்கே குரோம் பம்பர் ஒன்று ஓடியது. கண் அதை மெல்லிய இரண்டு திறப்பாகவே கண்டது. புதிய காரில் அந்தக் குறுக்குப் பட்டை இல்லை, வாய் முழுதாகத் திறந்து நிற்கிறது. உலகெங்கும் இசட்டை மாற்றி வரைந்தவர்கள் பலர் கைவைத்த இடமும் அதுதான். 2022 ஜனவரியில் டோக்கியோ ஓட்டோ சலூனில் நிசானே காட்டிய கஸ்டமைஸ்ட் புரோட்டோவிலும், அடுத்த ஆண்டு வந்த நிஸ்மோ வகையிலும் கிரில்லைக் குறுக்கே பிரித்து உடல் நிறப் பட்டை வந்தது. இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு, "பட்டையை நீ எந்த உயரத்தில் வைப்பாய், ஏன்?" என்று கேளுங்கள். கிரில்லை முழுதாக மூடிவிடும் பிள்ளையிடம் ரேடியேட்டருக்குக் காற்று எந்த வழியால் போகும் என்று கேளுங்கள். மின்சாரக் காராக்கிவிட்டேன் என்று சொன்னால் அதுவும் ஒரு பதில்தான். அப்படியானால் பின்னால் சைலன்சர் குழாய் ஏன் நிற்கிறது என்பது அடுத்த கேள்வி.

காற்று வாய் என்றவுடன் டொயோட்டா சுப்ரா ஞாபகம் வருகிறது. 2019 சுப்ராவில் பொனட்டிலும் கதவிலும் முகப்பு விளக்கின் ஓரத்திலும் திறப்புப் போன்ற பகுதிகள் மூடியே இருந்தன. பந்தயத்துக்குப் பாவிப்போர் திறந்துகொள்ளலாம் என்பது நிறுவனத்தின் விளக்கம், விமர்சனம் ஓயவில்லை. வகுப்புக்கு இது கையில் கிடைத்த பயிற்சி. அந்தப் போலித் திறப்புகளை அகற்றி, அந்த இடத்தைச் சுத்தமான தகடாக மாற்றச் சொல்லுங்கள். சேர்ப்பதை விட அகற்றுவது கடினம் என்று அப்போது தெரியும், ஏனென்றால் திறப்பு இருந்த இடத்தில் எந்தப் பிரதிபலிப்பு வரும் என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கொர்வெட் சி8, 2019 ஜூலையில் வெளிவந்தது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால். அதற்குப் பழைய கொர்வெட்டின் நீளமான பொனட்டை வரைந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். முன் சில்லுக்கும் முன்கண்ணாடி அடிக்கும் இடையிலுள்ள தூரம் எஞ்சின் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அதை மாற்றினால் அது வேறு கார். பக்கவாட்டுக் காற்று வாயை அந்தக் காரில் அழகுக்காக மூடவும் முடியாது.

விளக்கு. இன்று எல்லாப் பிள்ளைகளும் முகப்பு விளக்கைக் கத்திக் கீறல் அளவுக்கு மெலிதாக்குகிறார்கள். மெல்லிய கோடாகத் தெரிவது பகல் விளக்கு. வீதிக்கு வெளிச்சம் போடும் விளக்கு வேறு. ஐ.நா. வாகன விதி 48இன்படி தாழ் ஒளி விளக்கு தரையிலிருந்து 500 மி.மீ.க்குக் குறையக்கூடாது, 1200 மி.மீ.க்கு மேலே போகக்கூடாது. பகல் விளக்கு 250 மி.மீ. வரை இறங்கலாம். நம் ஜி.ஆர்.86 படத்தில் முன் அச்சின் தளத்தில் 500 மி.மீ. என்பது 400 பிக்சல். அங்கே ஒரு கிடைக்கோடு போட்டு, அதற்குக் கீழே பிரதான விளக்கை வைக்காதே என்று சொல்லிவிட்டால் போதும். நம்பர் பிளேட்டுக்கும் இடம் விட வேண்டும். ஐரோப்பியப் பிளேட் 520க்கு 110 மி.மீ., யப்பானியப் பிளேட் 330க்கு 165. பி.எம்.டபிள்யூ எம்4இன் நீண்ட கிரில்லைச் சுருக்குகிறவர்கள் இந்தப் பிளேட்டை எங்கே தூக்கி வைப்பது என்று தெரியாமல் ஓசைப்படாமல் அழித்துவிடுகிறார்கள்.

பிரதிபலிப்புக்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கார்த் தகட்டுக்குத் தனக்கென்று உருவம் கிடையாது என்றே சொல்லலாம். அதில் தெரியும் வானமும் தரையும்தான் அதன் உருவத்தைக் காட்டுகின்றன. பொனட்டும் கூரையும் வானத்தைக் காட்டும். கதவின் மேற்பாதி அடிவானத்துக்கு அண்மித்த வானத்தைக் காட்டும், கீழ்ப்பாதி தரையைக் காட்டும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அடிவானம் ஒரு இருண்ட கோடாகக் காரின் நீளத்துக்கு ஓடும். தகட்டை எங்கே வளைத்தாலும் அந்தக் கோடும் வளைய வேண்டும். பிள்ளை மட்கார்ட்டை அகலமாக்கிவிட்டு அடிவானக் கோட்டைப் பழைய இடத்திலேயே விட்டால், அகலமான மட்கார்ட் தட்டையாகத் தெரியும். எத்தனை நிழல் பூசினாலும் சரிவராது.

கதவில் ஒரு புதிய மடிப்பு வேண்டுமென்றால் கோடு கீறக் கூடாது. மடிப்பு என்பது இரண்டு தளங்கள் சந்திக்கும் இடம். மேல் தளத்துக்கு ஒரு கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்), கீழ்த் தளத்துக்கு இன்னொன்று. சந்திக்கும் விளிம்பில் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்துக்கு மெல்லிய வெளிச்சம், ஏனென்றால் எவ்வளவு கூர்மையான மடிப்புக்கும் நிஜத்தில் சில மி.மீ. வளைவு உண்டு. மடிப்பு முடியும் இடத்தில் அந்த வேறுபாடு மெல்ல மெல்ல மறைய வேண்டும். சடுதியாக நின்றால் தகடு கிழிந்த மாதிரி இருக்கும். இதைப் பலகையில் விளக்குவதை விட, ஒரு எவர்சில்வர் குடத்தை ஜன்னலோரம் வைத்து, ஜன்னல் சட்டம் கழுத்தில் எப்படி நெளிகிறது, வயிற்றில் எப்படி விரிகிறது என்று பென்சிலால் வரையச் சொல்லுங்கள். அன்றைக்குக் கணினி வேண்டாம்.

தகடுகளுக்கிடையிலான இடைவெளி நிஜத்தில் மூன்று நான்கு மி.மீ. நம் படத்தில் இரண்டரை முதல் மூன்று பிக்சல். பிள்ளைகள் எட்டுப் பிக்சல் தூரிகையால் கறுப்புக் கோடு போடுகிறார்கள். அது 10 மி.மீ. இடைவெளி, கதவைச் சரியாகப் பூட்டாத கார். அந்தக் கோடும் முழுக் கறுப்பல்ல. ஒரு விளிம்பில் வெளிச்சம் பிடிக்கும், மறு விளிம்பில் பிடிக்காது.

நிறம் மாற்றுவது எளிது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஹியூவை (நிறத்தின் சாயலை) திருப்பினால் டயரின் ஓரமும் கண்ணாடியில் விழுந்த மரமும் சேர்ந்து சிவக்கும். உடலைப் பென் டூலால் வெட்டிய பிறகு, நிறத்தை மல்டிப்ளை லேயரிலும் (கீழுள்ள படத்தோடு கருமையாகக் கலக்கும் அடுக்கு) வானப் பிரதிபலிப்பை அதற்கு மேலே தனி லேயரிலும் வைக்க வேண்டும். தெளிப்பூச்சின் மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வானத்துக்குக் காரின் நிறம் ஏறாது. சிவப்புக் காரிலும் வானம் வானமாகவே தெரியும். பழகுவதற்குச் சாம்பல், வெள்ளி நிறக் கார்கள் நல்லவை. கறுப்புக் காரை வெள்ளையாக்க முனைந்தால் நிழலில் தகவலே இருக்காது, புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் மேலே வரும். மஸ்டாவின் சோல் ரெட் கிரிஸ்டல் போன்ற பூச்சுகளில் ஒளி தெறிக்கும் அடுக்கின் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு அடுக்கு இருக்கிறது. வெளிச்சம் படும் இடத்தில் கொதிக்கும் சிவப்பும், திரும்பும் ஓரங்களில் ஏறக்குறையக் கறுப்பும் அதனால்தான். ஒரே சிவப்பை எங்கும் பூசினால் பிளாஸ்டிக் வாளி நிறம் வரும்.

காரைக் கொண்டுவந்து நம் ஊரில் நிறுத்த விரும்பும் பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். அது நல்ல ஆசை, கூடவே நல்ல பரீட்சை. கல்லடியில் கடல் கிழக்கே, வாவி மேற்கே. காலையில் கடற்கரை வீதியில் எடுத்த பின்னணிக்கு வெளிச்சம் கடல் பக்கமிருந்து தாழ்வாக வரும். மாலையில் வாவிப் பக்கமிருந்து வரும். ஐரோப்பிய விளம்பரப் படத்துக் காரில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்த பிறகே பின்னணியைத் தெரிவு செய்ய வேண்டும். ஏப்ரல் முதற்பாதி நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல். நிழல் காரின் அடியிலேயே ஒடுங்கிவிடும். அந்தப் பின்னணியில் நீள நிழலோடு கார் நின்றால் ஊர்க்காரர் எவரையும் ஏமாற்ற முடியாது. வடகீழ்ப் பருவ மழைக்கால மப்பும் மந்தாரமும் புதியவர்களுக்கு மிகவும் வசதி. வெளிச்சம் வானம் முழுவதிலுமிருந்து மென்மையாக வரும், நிழல் கூர்மையாக இராது. ஆனால் ஈரத் தார் வீதி காரையும் விளக்கையும் தலைகீழாகக் காட்டும், அதை வரைய வேண்டும். பாசிக்குடா மணலில் நிறுத்தினால் கதவின் கீழ்ப்பாதிக்கு மணல் நிறம் ஏற வேண்டும். தென்னை நிற்கும் வீதியில் கதவுக் கண்ணாடியில் ஊசியிலை மரம் தெரியக் கூடாது. இதை நாங்கள் பகிடிக்குச் சொல்லவில்லை. அப்படியான படங்கள் பரிசும் வாங்கியிருக்கின்றன.

கடைசியில் படம் முழுவதற்கும் ஒரே அளவு மணியிரைச்சலை (பொடிப் புள்ளிகளை) சேர்த்தால் காரை வெட்டி ஒட்டியது அவ்வளவாகத் தெரியாது. பின்னணி போனிலும் கார் ஸ்டூடியோக் கமராவிலும் எடுத்ததென்றால் இது கட்டாயம்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றி உங்களில் பலர் கேட்கிறீர்கள். தடை செய்யச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. சோதிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத் தோற்றத்தில் ஜி.ஆர்.86இன் சில்லு இடைத்தூரம் 2575 மி.மீ., டயர் 629. அதாவது இரண்டு சில்லுக்கும் நடுவே இன்னும் மூன்று சில்லு கிட்டத்தட்ட அளவாக அடங்கும். மூன்றரை அடங்கினால் அது ஜி.ஆர்.86 இல்லை, கருவி கற்பனை செய்த ஏதோ ஒன்று. பிறகு ரிம்மின் கம்பிகளை எண்ணுங்கள். முன் சில்லில் பத்து, பின் சில்லில் பதினொன்று என்று வரும். கதவு வெட்டுக் கோடு எங்கிருந்து தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தொடருங்கள். நடுத் தகட்டில் காணாமல் போகும். இரண்டு முகப்பு விளக்கின் உட்புறமும் ஒத்துவராது, சின்னத்தின் எழுத்து உருகியிருக்கும். கருவியைப் பாவிப்பதானால் முழுக் காரையும் அதனிடம் ஒப்படைக்காமல், பம்பர் பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு யோசனை எடுத்து, பிறகு மறைபுள்ளிக் கோடுகளுக்கு ஏற்பக் கையால் வரையலாம். அப்படிச் செய்ததைப் பிள்ளை எழுதிக் கொடுக்க வேண்டும்.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. போட்டோஷொப் இல்லாத இடத்தில் கிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். மேலே சொன்ன எல்லாவற்றையும் அவற்றில் செய்யலாம். கணினியின் நினைவகம்தான் இடிக்கும். 4000க்கு 2250 பிக்சல் படத்தில் ஒரு முழு லேயர் 8 பிட் நிற ஆழத்தில் 36 மெகாபைட், 16 பிட்டில் 72. முப்பது லேயர் என்றால் ஒரு கிகாபைட்டிலிருந்து இரண்டு வரை போகும். 4 கிகாபைட் நினைவகமுள்ள ஆய்வுகூடக் கணினி அதில் திணறும். 8 பிட்டிலேயே செய்யட்டும். கதவின் மென்மையான கிரேடியன்ட் பட்டை பட்டையாக உடைந்தால் ஒரு வீதம் இரைச்சல் சேர்த்தால் மறையும்.

முப்பரிமாணத்துக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு பிளெண்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பின்னணிப் படத்தின் கமராக் கோணத்தைக் கண்டுபிடிக்க எஃப்ஸ்பை என்ற இலவசக் கருவி, சுற்றுப்புற வெளிச்சத்துக்குப் போலிஹேவன் இணையத்தளம் தரும் எச்.டி.ஆர்.ஐ. படங்கள் (சுற்றுப்புறம் முழுவதையும் அதன் வெளிச்ச அளவோடு பதிந்தவை). இணையத்தில் கிடைக்கும் நான்கு பக்க வரைபடங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தாது. சில்லு இடைத்தூரத்தை 2.575 மீற்றருக்குச் சரிசெய்து, மற்றப் பக்கங்களை அதற்கு இழுத்த பிறகே மொடலிங் தொடங்க வேண்டும். பாதிக் காரைச் செய்து மிரர் போட்டால் போதும். தகட்டில் வரிக்குதிரைக் கோடு விழும் மெட்கெப்பை (மொடலின் மேல் போர்த்திப் பார்க்கும் சோதனைப் பூச்சை) போட்டுப் பார்த்தால் பிழைகள் எல்லாம் வெளிவரும்: கோடு முறியும் இடத்தில் தகடு முறிந்திருக்கிறது.

நடுவர்களுக்கு. போட்டி அறிவித்தலில் ஜேபெக் படம் மட்டும் கேட்காதீர்கள். லேயர்களோடு கூடிய பி.எஸ்.டி. கோப்பு, தொடப்படாத அடிப்படைப் படம், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது, மாறாத புள்ளிகள் குறித்த லேயர், பத்து வரிக்குள் காரணம். இவை இல்லாத படத்தைச் சுற்றுக்குள் எடுக்காதீர்கள். முதற்சுற்றில் விங், நியொன், நிறமாற்றம் மூன்றுக்கும் இடமில்லை என்று விதி போட்டுப் பாருங்கள். பம்பர், விளக்கு, மட்கார்ட், கதவு மடிப்பு இவற்றுக்குள் மட்டும் வேலை செய்யட்டும். யாருக்குக் கை வந்திருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

படத்தின் மூலையில் "கற்பனைத் தோற்றம்" என்று தமிழில் எழுதுவதையும் கட்டாயமாக்குங்கள். எழுதாத படம் ஒரு வாரத்தில் முகநூலில் "2027 மொடல் வந்துவிட்டது" என்று சுற்றத் தொடங்கும். பிறகு பிள்ளையின் பெயரும் போய்விடும், படத்தை எடுத்த புகைப்படக்காரரின் பெயரும் போய்விடும்.

இதெல்லாம் படிப்புக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்டால், பக்கத்து ஸ்டிக்கர் கடையைக் காட்டுங்கள். ஹையேஸ் வானுக்கும் ஓட்டோவுக்கும் ஒட்டும் முன் வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரிப் படம் இதே கணக்கில்தான் நிற்கிறது. ஒட்டும் தாளின் ரோல் அகலம் வழக்கமாக 1520 மி.மீ.; வானின் பக்கம் அதற்கு மேல் உயரம் என்றால் ஒட்டு விழும் இடத்தை மாதிரிப் படத்திலேயே குறிக்க வேண்டும். சில்லின் விட்டத்தை அறிந்து, ஒரு மி.மீ.க்கு எத்தனை பிக்சல் என்று போடத் தெரிந்த பிள்ளைக்கு அது பத்து நிமிட வேலை. தெரியாத இடத்தில் எழுத்தின் நடுவே கதவுக் கைபிடி வந்து நிற்கும், தாளின் காசை யார் தருவது என்று கடையில் சண்டை வரும்.

அடுத்த தவணைப் பாடத்திட்டத்தை எழுதும்போது, முதல் இரண்டு கிழமைக்குச் சில்லையும் மறைபுள்ளியையும் மட்டும் வைத்துப் பாருங்கள். மூன்றாம் கிழமை குடம். கணினியில் காரைத் திறப்பது நான்காம் கிழமை. அளவுக் கணக்குத் தாளையும் மாறாப் புள்ளி லேயரின் மாதிரிக் கோப்பையும் கேட்கும் நிலையங்களுக்கு நாங்கள் தமிழில் செய்து தருகிறோம், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களில் வாகனத் தோற்ற வரைகலை செய்வோர் சிலர்